பெருநாளுக்காக மீன்தொட்டியைக் கழுவாதீர்கள்

பெருநாள் நெருங்கினால் நம் இல்லங்களில் எல்லாம் கழுவப்படுகின்றன. தரை, சன்னல், திரைச்சீலை, பாத்திரங்கள் என்னும் வரிசையில் கூடத்து மூலையிலிருக்கும் மீன்தொட்டியும் சேர்ந்துவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நாமும் அவ்வாறே செய்தோம். பல மாதங்களாக எவரும் கவனிக்காத தொட்டி அது. மீன்களை ஒரு குடத்தில் விட்டு, நீர் முழுவதையும் கொட்டி, கூழாங்கற்களையும் ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, புதிய குழாய்நீரை நிரப்பினோம். பெருநாள் தொழுகை முடித்துத் திரும்பியபோது, ஐந்து தங்கமீன்களில் நான்கு செத்து மிதந்தன.

"அழுக்குத் தண்ணீரில் நன்றாகத்தானே இருந்தன, அத்தா?" என்று மகள் கேட்டாள். மதரஸாவில் நாள்தோறும் பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை சொல்லும் நமக்கு, அன்று விடை தெரியவில்லை.

விடையைப் பின்னர்தான் கற்றறிந்தோம். மீனின் உடற்கழிவு பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள்கள் வழியே நீரில் கலக்கிறது. ஆற்றிலும் குளத்திலும் அது பரந்த நீரில் கரைந்துவிடும். தொட்டியில் அதற்குப் போக்கிடமில்லை. அங்கே மீனைக் காப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதலிரண்டும் கொடிய நஞ்சு. நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும். ஆயினும் அது நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். அதை வெளியேற்றவே நீரில் ஒரு பகுதியை மாற்றுகிறோம்.

இந்நுண்ணுயிரிகள் பெரும்பாலும் கற்களிலும் ஃபில்டர் பஞ்சிலும் ஒட்டி வாழ்பவை. புதிய தொட்டியில் அவை நிலைபெறப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். வாரக்கணக்கில் உருவான அந்தக் காவலை நாம் ஒரே மாலையில் தேய்த்துக் கழுவிவிட்டோம். எஞ்சியதைக் குழாய்நீரின் குளோரின் அழித்தது. மீன்களின் செவுள்களையும் அதுவே புண்ணாக்கியது. இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. நெடுநாள் மாற்றப்படாத நீர் மெல்ல மெல்ல அமிலத்தன்மை அடையும். மீனும் அதற்குப் பழகியிருக்கும். அதனைத் திடீரென வேறு தன்மையுள்ள நீரில் விட்டால் அதன் உடல் அந்த அதிர்ச்சியைத் தாங்குவதில்லை.

ஆக, மீன்களைக் கொன்றது அழுக்கு மட்டுமன்று. பல மாத அலட்சியமும், அதனை ஒரே நாளில் ஈடுசெய்ய எண்ணிய அவசரமும் சேர்ந்தே கொன்றன. சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே இறைவனுக்கு மிக விருப்பமானது என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்த பாடம். வகுப்பறையில் அதனை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். நம் கூடத்தில் அதனை மறந்துபோனோம்.

செய்ய வேண்டியது எளிது. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 50 லிட்டர் நீர் கொள்ளும். வாரந்தோறும் அதில் கால் பங்கை, அதாவது ஒரு வாளியளவு நீரை மட்டும் மாற்றினால் போதும். அடியில் படிந்த கழிவோடு சேர்த்து ரப்பர் குழாயால் அந்நீரை இறக்க வேண்டும். பஞ்சில் அடைப்பு இருந்தால், இறக்கிய அந்தத் தொட்டிநீரிலேயே மெல்லப் பிழிந்து அலச வேண்டும். குழாய்நீரோ சோப்போ படக் கூடாது. ஆவியாகிக் குறைந்த நீரை நிரப்புவது நீர் மாற்றுவது ஆகாது. நீர்தான் ஆவியாகிறது, கழிவும் உப்பும் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன.

புதிய குழாய்நீரை வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கும். காற்றுக்குமிழி விட்டால் இன்னும் விரைவாக நீங்கும். குளோரமின் கலந்த நீராயின் அவ்வாறு நீங்காது. அதற்கெனக் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கியைக் குறிப்பிட்ட அளவில் சேர்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இராது. எனினும் அதில் உயிர்வளி குறைவாக இருக்கக்கூடும் என்பதால், அதனையும் காற்றோட்டத்தில் வைத்துப் பயன்படுத்துவது நலம்.

"மனிதருக்கே தண்ணீர் இல்லாத கோடையில் மீனுக்கு வாளி வாளியாகவா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வியே. ஒளுச் செய்யும்போதும் நீரை வீணாக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்பவர்கள் நாம். ஆனால் தொட்டியிலிருந்து இறக்கிய நீர் வீணன்று. அதிலுள்ள நைட்ரேட் செடிகளுக்கு உரம். கறிவேப்பிலைக்கும் மருதாணிக்கும் எப்படியும் ஊற்ற வேண்டிய நீர், தொட்டியின் வழியாகப் போய்ச் சேர்கிறது.

"சில ரூபாய் மீன்தானே, செத்தால் வேறு வாங்கலாம்" என்ற பேச்சை மட்டும் நம்மால் ஏற்க இயலாது. சிறுவர் அபூ உமைர் (ரலி) ஒரு சின்னஞ்சிறு பறவையை வளர்த்தார். நபியவர்கள் அதனைத் தடுக்கவில்லை. அது இறந்தபோது அச்சிறுவரின் துயரை அன்போடு விசாரித்தார்கள். வளர்ப்பதற்கு அனுமதி உண்டு என்பதற்கு அறிஞர்கள் இதனைச் சான்றாகக் காட்டுவர். பூனையை அடைத்து வைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானதையும் நபியவர்களே எச்சரித்தார்கள். அடைத்து வைத்த உயிர் தன் உணவைத் தானே தேடிக்கொள்ள இயலாது. தன் நீரைத் தானே மாற்றிக்கொள்ளவும் இயலாது. நாம் அடைத்த கணமே அதன் பொறுப்பு நம்மிடம் அமானிதமாகிவிடுகிறது. வாரத்தில் அரை மணி நேரம் ஒதுக்க இயலாதவர்கள், பிள்ளை எவ்வளவு அழுதாலும் மீன் வாங்காமலிருப்பதே நல்லது.

எம் இல்லத்தில் எஞ்சிய அந்த ஒரு மீன் பிழைத்துக்கொண்டது. இப்போது வியாழன் அஸருக்குப் பின் மகள் வாளியில் நீர் பிடித்து வைக்கிறாள். வெள்ளி அஸருக்குப் பின் தொட்டியில் சேர்க்கிறாள். இவ்வாண்டுப் பெருநாளுக்கும் இன்ஷா அல்லாஹ் வீட்டைக் கழுவுவோம். தொட்டியின் முறை வெள்ளிக்கிழமைதான்.