கன்னியர், மறைசாட்சி

ஜூலை 6 வந்தால், எங்கள் பள்ளியில் காலைத் திருப்பலி முடிந்ததும் மரிய கொரற்றி கதை சொல்வார்கள். இத்தாலியில் சதுப்பு நிலத்தை ஒட்டிப் பிழைத்த ஏழைக் குடும்பம். தகப்பன் மலேரியாவில் போய்விட்டார். தாய் வயலுக்குப் போக, பதினோரு வயதுப் பெண் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். அதே வீட்டில் குடியிருந்த இன்னொரு குடும்பத்தின் மகன் அலெசாண்ட்ரோ, இருபது வயதுக்காரன், 1902 ஜூலை 5 அன்று அவளை வன்புணர முயன்றான். இணங்காததால் 14 முறை குத்தினான். அவனை மன்னித்துவிட்டு மறுநாள் இறந்தாள்.

கேட்டு அழுவோம். ஏழாம் வகுப்பில் ஒருத்தி மட்டும் அழாமல் எழுந்து நின்றாள். "அவங்க சாகாம பிழைச்சிருந்தா புனிதர் ஆகியிருக்க மாட்டாங்களா சிஸ்டர்?" அன்று மதியம்வரை அவள் வராந்தாவில் முட்டி போட்டிருந்தாள்.

சிஸ்டர் சொல்லாத பதிலை நான் சொல்கிறேன். ஆகியிருக்க மாட்டாள். அவன் நினைத்ததை முடித்து, அவள் உயிரோடு எழுந்து வந்திருந்தால் திருநாளும் இல்லை, சுரூபமும் இல்லை. 1950இல் பன்னிரண்டாம் பயஸ் அவளுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது தாய் அசுந்தா அங்கே இருந்தார். பிழைத்த மகளோடு ஒரு தாய் அங்கே போய் நின்றிருக்க முடியாது. கதையின் பின்பாதியோ முழுக்க அவனுடையது: சிறை, கனவு, மனமாற்றம், மடத்தில் வேலை, 1970இல் நல்ல சாவு.

வழிபாட்டு நாள்காட்டியை எடுத்துப் பாருங்கள். மரிய கொரற்றிக்கு நேரே 'கன்னியர், மறைசாட்சி'. ஆக்னெஸ், ஆகத்தா, லூசியா எல்லோருக்கும் அதே இரண்டு சொற்கள். கன்னிமைதான் முதலில், உயிர் அடுத்ததாக. அக்டோபர் 15இல் அவிலா தெரேசா. மடங்களைச் சீர்திருத்தியவர், ஸ்பானிய உரைநடையின் பெரிய எழுத்தாளர். 1970இல், மறைவல்லுநர் பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர். அவருக்கும் 'கன்னியர், மறைவல்லுநர்'தான். தாமஸ் அக்குவினாசுக்கு 'மறைப்பணியாளர், மறைவல்லுநர்'. ஆணுக்கு அவன் பார்த்த வேலை, பெண்ணுக்கு அவள் உடம்பின் நிலவரம். பழைய லத்தீன் திருப்பலிப் புத்தகத்தில் 'கன்னியுமல்லர், மறைசாட்சியுமல்லர்' என்றே ஒரு பிரிவு இருந்தது. ரேஷன் கார்டு தோற்றது.

ஆகஸ்ட் 28 அகுஸ்தீனுக்கு. 'ஆயர், மறைவல்லுநர்.' மணக்காமல் ஒரு பெண்ணோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து மகனும் பெற்றதை அவரே எழுதிவைத்திருக்கிறார். அவர் பேருக்கு நேரே 'கன்னியர் அல்லர்' என்று யாரும் போடவில்லை. போடவும் வேண்டாம். முந்தின நாள் அவருடைய தாய் மோனிக்காவுக்கு. வசதியான வரனுக்காக ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட அந்தப் பெண்ணுக்கு நாளும் இல்லை, அவர் புத்தகத்தில் பெயரும் இல்லை.

தமிழ்த்துறையில் கற்பு பற்றி வருடந்தோறும் பாடம் நடத்துகிறவள் நான். ரோமாபுரியிடமிருந்துதான் நாம் இதைக் கற்றோம் என்று சொல்ல மாட்டேன். நம்மிடம் ஏற்கெனவே நிறைய இருந்தது. அதனால்தான் மரிய கொரற்றி நம் ஊர்களில் இவ்வளவு எளிதாக வேர்விட்டாள்.

அவள் விசுவாசத்துக்காகத்தானே உயிரை விட்டாள் என்பார்கள். அவள் உயிரை விடவில்லை, அவன் எடுத்தான். "பாவம்" என்று அவள் கத்தியதாகச் சொல்கிறார்கள். கத்தி முன்னால் நிற்கும் குழந்தை தனக்குத் தெரிந்த மிகப் பெரிய சொல்லைத்தான் கத்தும்.

வராந்தாவில் முட்டி போட்டவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆனது. ஊர்த் திருவிழாவில் சப்பரத்துக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தோம். பாண்டு வாத்தியச் சத்தத்தில் காதருகே வந்து சொன்னாள். சொந்தக்காரன்தான். அந்தக் கதையைக் கேட்பதற்கு முந்தின கோடை விடுமுறையில். "நான் சாகாம வந்ததுதான் தப்புன்னு ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தேன்டி."

ஆயர்களுக்கு ஒரு கோரிக்கை. மரிய கொரற்றியின் திருநாளை எடுக்கச் சொல்லவில்லை. மறைசாட்சி என்பதும் இருக்கட்டும். அடுத்த நாள்காட்டி அச்சுக்குப் போகும் முன் அந்த முதல் சொல்லை அடித்துவிட்டுச் 'சிறுமி' என்று போடுங்கள்.