கிரேக்க வாழ்வும் புவியியல் வாதமும்

பண்டைய கிரேக்கரின் அன்றாட வாழ்வை விளக்கப் புகும் பாடநூல்கள் பலவும் ஒரே வாய்பாட்டை ஒப்புவிக்கின்றன. மலைகள் நாட்டைத் துண்டாடின. ஆதலால் நகர அரசுகள் தோன்றின. கடல் அருகே கிடந்தது. ஆதலால் வணிகம் வளர்ந்தது. வெயில் இதமாக இருந்தது. ஆதலால் மக்கள் திறந்த வெளியிற் கூடிச் சனநாயகம் கண்டனர். இவ்வாய்பாடு பரீட்சைக்கு உகந்தது, வரலாறாகாது.

புவியியலின் பங்கை எவரும் மறுத்தல் இயலாது. அற்றிக்காவின் மண் ஆழமற்றது. மழை குறைவு, அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே பெய்வது. எனவே உழவர் இலையுதிர் காலத்தில் விதைத்துக் கோடையின் தொடக்கத்தில் அறுத்தனர். கோதுமையினும் பார்லியே அங்கு நன்கு விளைந்தது. சரிவுகளில் ஒலிவும் திராட்சையும் செழித்தன. போதாத தானியத்தை ஏதென்ஸ் கருங்கடற் கரைகளிலிருந்து தருவித்தது. இவையெல்லாம் நிலம் வகுத்த எல்லைகள். ஆயின், அவ்வெல்லைகளுக்குள் உழைப்பவர் யார், உண்பவர் யார் என்பதையும் நிலமா வகுத்தது?

அற்றிக்காவின் வறண்ட மண் மக்களாட்சியையும் ஸ்பார்ட்டாவின் வளமான மண் உயர்குடியாட்சியையும் தோற்றுவித்தன என்று 1748 இல் மொந்தெஸ்கியு எழுதினார். ஆனால் கி.மு. 594 இல் சோலோனின் சீர்திருத்தம் வருமுன்னர், அதே வறண்ட மண்ணில் உயர்குடியினரே ஆண்டனர். கடன்பட்ட உழவர் அடிமைகளாக விற்கப்பட்டனர். உடலை ஈடாக வைத்துக் கடன் பெறும் வழக்கத்தைச் சோலோன் ஒழித்தார். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் இறுதியிற் கிளைஸ்தனிஸ் குடிமக்களைப் பத்துப் புதிய பிரிவுகளாக வகுத்தார். இடையில் மண் மாறியதா? மாறியவை சமூக உறவுகளே.

மலைகள் மக்களைப் பிரித்தன என்பதும் அரைகுறை உண்மையே. தைகெற்றஸ் மலைத்தொடரின் கிழக்கே வாழ்ந்த ஸ்பார்ட்டர், அதன் மேற்கே இருந்த மெஸ்ஸேனியாவைக் கைப்பற்றி, அம்மக்களை ஹெலட்டுகளாக்கி அவர்தம் விளைச்சலில் வாழ்ந்தனர். நில ஆசையையும் படைபலத்தையும் அம்மலை தடுத்து நிறுத்தவில்லை.

வெயிலைப் புகழ்வோர் சற்று நிதானித்தல் நன்று. பினிக்ஸ் குன்றின் மக்களவைக்கு ஆண்களை அழைத்த அதே வெயில், அவர்களுடைய மனைவியரை அழைக்கவில்லை. ஸ்பார்ட்டாவிலோ குடிமக்களின் பெண்பிள்ளைகள் வெளியிடங்களில் உடற்பயிற்சி செய்தனர். ஒரே வானத்தின் கீழ் இத்துணை வேறுபாடு! லோரியம் வெள்ளிச் சுரங்கங்களில் உழன்ற அடிமைகளுக்கோ பகல் முழுதும் இருளே. அங்கு கிடைத்த புது வெள்ளியைக் கொண்டே, கி.மு. 483 அளவில், தெமிஸ்தொக்கிளிஸ் கப்பற்படை கட்டுவித்தார், கி.மு. 480 இல் சலாமிஸ் வெற்றி அப்படையால் வந்தது. நிக்கியாஸ் என்னும் ஏதென்ஸ் செல்வர் 1000 அடிமைகளை, நாளொன்றுக்குத் தலைக்கு ஓர் ஒபொல் வீதம், சுரங்க வேலைக்கு வாடகைக்கு விட்டதாகச் செனபோன் கூறுகிறார். வெள்ளியை நிலத்தில் வைத்தது இயற்கை. அடிமையை அந்நிலத்துள் இறக்கியது உடைமை வர்க்கம்.

புவியியல் வாதம் தீங்கற்ற தவறும் அன்று. குளிர்நாட்டார் வீரமுடையோர், அறிவிற் குறைந்தோர். ஆசியர் அறிவுடையோர், வீரமற்றோர், எனவே அடிமைப்பட்டோர். இடையில் வாழும் கிரேக்கரோ இரண்டும் பெற்றவர், ஒன்றுபட்டால் அனைவரையும் ஆளத்தக்கவர் என்பது அரிஸ்ரோட்டிலின் வாதம். இயற்கையிலேயே அடிமைகளாக அமைந்தோர் உளர் என்பதும் அவருடைய அதே 'அரசியல்' நூலிற் காணப்படுவதே. ஆதிக்கத்துக்குக் காலநிலை சாட்சியாக அழைக்கப்பட்டது. வெப்பநாட்டு மக்கள் இயல்பிலேயே சோம்பேறிகள் என்று பிற்காலக் குடியேற்றவாதிகள் கூறியதும் இச்சாட்சியை நம்பியே.

மலையையும் கடலையும் அறிதல் வரலாற்றுக் கல்வியின் முதற்படி. அம்மலைச் சரிவில் உழுதவர் யார், அக்கடலில் துடுப்பு வலித்தவர் யார், பயன் எவர் கைக்குச் சென்றது என்று வினவுதல் அடுத்த படி. முதற்படியிலேயே நின்றுவிடும் கல்வி, மனிதர் செய்த அநீதிக்கு மண்ணைப் பொறுப்பாக்கிவிட்டு ஓய்ந்துவிடும்.