பட்டியலை கிராம சபைக்குக் கொண்டு வா!



2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் நம்ம முதலமைச்சர் காப்பீட்டோடு இணைந்தது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் என்கிறார்கள். எந்த சிகிச்சைக்கு எவ்வளவு என்ற ஆயுஷ்மான் பட்டியலை டெல்லியில் 2019-லும் 2022-லும் திருத்தினார்கள். சிகிச்சைகள் 1,949 ஆயின. நிபுணர்களைக் கேட்டார்கள். அட்டை வைத்திருக்கிற நம்மை யார் கேட்டார்கள்?

படுக்கையில் சேர்ந்தால்தான் ஆயுஷ்மான் பணம். வீடு திரும்பியபின் 15 நாள் மருந்துக்கு உண்டு. 16-ஆம் நாள் நம்ம மடியை அவிழ்க்கணும். சர்க்கரை, ரத்தக்கொதிப்புக்கு மாசாமாசம் ஆகிற செலவு கணக்கில் இல்லை. பூச்சிமருந்து அடித்து மயங்கி, ஊசி போட்டுத் திரும்பினால் அதுவும் இல்லை. "அரசு ஆஸ்பத்திரியில் இலவச மருந்து இருக்கே" என்பார்கள். போய்வர ஒருநாள் கூலி போகிறதே, அதை யார் தருவார்? காலை எடுக்கப் பணம் உண்டாம், காலைக் காப்பாற்ற இல்லையாம்! என்ன நியாயம் இது?

நாம் கேட்பது இதுதான்: இனி பட்டியலைத் திருத்துமுன் தமிழில் அச்சடித்து கிராம சபையில் வாசிக்கணும். நம்ம கருத்தை எழுதி வாங்கணும். புறநோயாளி செலவையும் சேர்க்கணும்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போடுவோம். குடும்பத்தோடு திரண்டு வாரீர்!