சைலன்சரிலிருந்து தொட்டிக்கு ஒரு குழாய்

மதுக்கரைக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயைப் பார்த்த மாணவர்களுக்கு, ரேடியோவால் இயக்கும் சிறிய 'நைட்ரோ' கார்மீது ஆசை பிறப்பது இயல்பே. ஆசை இருக்கட்டும்; அதை ஓட்டுமுன் அதன் பௌதிகத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

பம்ப் ஸ்டவ்வில் காற்றை அடித்துத்தானே மண்ணெண்ணெயை மேலேற்றுகிறோம்? இக்காரில் அந்த வேலையை எஞ்சினின் புகையே செய்கிறது. சைலன்சரிலிருந்து ஒரு சிலிக்கோன் குழாய் எரிபொருள் தொட்டியின் மேற்பகுதிக்குச் செல்கிறது. வேகம் கூடினால் புகையின் அழுத்தமும் கூடும். கார்புரேட்டருக்கு எரிபொருள் அதிகமாகப் போகும். தனியாகப் பம்ப் தேவையில்லை. அழகான ஏற்பாடு!

அக்குழாயில் குண்டூசி முனையளவு ஓட்டை விழுந்தால்? எரிபொருள் குறைந்து எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும். உயவு எண்ணெயும் எரிபொருளிலேயே கலந்து வருவதால் பிஸ்டன் தேயும். பலர் உடனே கார்புரேட்டரின் ஊசியைத் திருகத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் குழாயையும் தொட்டி மூடியையும் பாருங்கள் என்பேன்.

காலியான தொட்டியைக் கழற்றி, ஒரு குழாயை அடைத்து, நீரில் அமிழ்த்தி, மற்றொன்றின் வழியே சிரிஞ்சால் காற்றைச் செலுத்துங்கள். கசிவு எங்கே என்று குமிழிகள் காட்டிவிடும். இதற்கு வாயால் ஊதும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அந்த எரிபொருளில் பெரும்பகுதி மெதனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சாராயத்தில் இருந்த நஞ்சும் அதுவே. அது தீப்பற்றினால் பகல் வெளிச்சத்தில் சுடர்கூடச் சரியாகத் தெரியாது. பெரியவர் ஒருவர் உடனில்லாமல் தொட்டியைத் திறக்கவே வேண்டாம்.

சோதனை முடிந்ததும் தொட்டியை நன்றாக உலர்த்துங்கள். மெதனால் நீரோடு எளிதில் கலந்துவிடும். பிறகு எஞ்சின் முரண்டு பிடிக்கும்.