ஜாமீன் கிடைத்தும் சிறையில்

குற்றம் சாட்டப்பட்ட ஒருவனை, நியாயஸ்தலம் குற்றவாளி என்று தீர்மானிக்கும் வரையில் நிரபராதியாகவே பாவிக்க வேண்டும் என்பது நம் நீதி பரிபாலனத்தின் மூலாதாரமான சித்தாந்தம். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5,73,000 பேரில் 4,34,000 பேர், அதாவது நால்வரில் மூவர், விசாரணைக் கைதிகளே என்று காணும்போது, அந்தச் சித்தாந்தம் யாருக்குப் பயன்படுகிறது என்ற சம்சயம் எழாமல் இராது.

இவர்கள் எல்லோருக்கும் ஜாமீன் மறுக்கப்பட்டதாக எண்ணுவதற்கில்லை. ஜாமீன் உத்தரவு பிறந்தும், அதில் கண்ட நிபந்தனைகளை நிறைவேற்ற வகையின்றி உள்ளேயே கிடப்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் சாதாரணமாகப் பிறப்பிக்கப்படும் உத்தரவு ஒன்றைப் பாருங்கள்: பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைப் பத்திரம், அதே தொகைக்கு இரு நபர் ஜாமீன், அவர்களில் ஒருவர் பல சமயங்களில் ரத்த சம்பந்தமுடையவராக இருக்க வேண்டும், ஜாமீன்தாரர்கள் புகைப்படம் ஒட்டி, இடது பெருவிரல் ரேகை பதித்து, ஆதார் அட்டையோ வங்கிப் புத்தகமோ காட்ட வேண்டும், வெளியே வந்தவன் தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும். வீடு வாசலும் செல்வாக்குள்ள பந்துக்களும் உடையவனுக்கு இது ஒரு நாள் அலைச்சல். பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்து, மேஸ்திரியைத் தவிர இவ்வூரில் ஒருவரையும் அறியாதவனுக்கோ, அந்த உத்தரவும் மறுப்பும் ஒன்றுதான்.

இந்த அநீதி நேற்று முளைத்ததன்று. மத்தியப் பிரதேசத்தில் ஏழைக் கொத்தனார் ஒருவருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் வழங்கியும், மாஜிஸ்ட்ரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, சகோதரர் முன்வந்தபோது அவரது சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறதென்று தள்ளிவிட, 1978இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்ச் சொந்தப் பிணையில் அவரை விடுவிக்கச் சொன்னார். மறு வருஷமே, பீகார்ச் சிறைகளில் தங்கள் குற்றத்துக்குரிய உச்ச தண்டனையைக் காட்டிலும் நீண்ட காலம் விசாரணையின்றிக் கிடந்தவர்களின் அவலம் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது.

பரிகாரங்கள் வராமலில்லை. ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் கைதானவன் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொணர முடியாவிட்டால், அவனை ஏழையென்றே கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்பது சட்டம். ஜாமீன் பெற்றும் ஏழு நாளில் வெளியேறாதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பணித்தது. ஏழை விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை உதவ வகைசெய்த மத்திய அரசுத் திட்டமும் அதே வருஷத்தில் வந்தது. எனினும் இவற்றில் பெரும்பாலானவை, நிறைவேற்ற முடியாத நிபந்தனையை விதித்தபின் அதன் விளைவைத் தணிக்க முயல்பவையே.

ஜாமீன்தாரர் இல்லாவிடில் குற்றம் சாட்டப்பட்டவன் தலைமறைவாகிவிடுவானே என்று கேட்போர் உண்டு. நீதிமன்ற வளாகங்களில் கூலிக்கு ஜாமீன் நிற்போர் உலவுவதை அறிந்தவர்கள், முன்பின் அறியாத அந்த மனிதரின் கையெழுத்து அவனை எவ்விதம் கட்டிப்போடும் என்பதையும் சிந்திக்க வேண்டும். குடும்பம், தொழில், வசிக்கும் இடம் ஆகிய பந்தங்களை விசாரித்து அறிவதே மேலான உத்தரவாதம்.

ஆகவே, சொந்தப் பிணை பொது விதியாகவும், இரு நபர் ஜாமீன் காரணம் காட்டி விதிக்கப்படும் விலக்காகவும் மாற வேண்டும். பத்தாயிரம் என்று எழுதுமுன் எதிரில் நிற்பவனின் தினக்கூலி என்ன என்று மாஜிஸ்ட்ரேட்டுகள் கேட்க வேண்டும். இலவசச் சட்ட உதவிக்கென நியமிக்கப்பட்ட வழக்கறிஞர்கள், உத்தரவு வாங்கியதோடு கடமை முடிந்ததென்று கருதாமல், கட்சிக்காரன் சிறையை விட்டு வெளியேறும் வரை அதைத் தொடர வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கும் அதிகாரத்தை ஏழைக்காகவும் உபயோகிக்கும் மனம் இருந்தால் போதும்.