பழவேற்காடு: ஒரு ஏரிக்கு எத்தனை பஞ்சாயத்து?

பழவேற்காடு என்றதும் சென்னைக்காரர்களுக்கு மூன்று விஷயம் ஞாபகம் வரும். பூநாரை, டச்சுக்காரர்களின் கல்லறை, ஞாயிற்றுக்கிழமை இறால். காலையில் பைக்கில் கிளம்பிப் போய் சாயங்காலம் திரும்பி வருவதற்கு இது போதும். ஆனால் அந்த ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களை ஆள்வது யார் என்ற கேள்வி யாருக்கும் வருவதில்லை. கேட்டுப் பார்த்தால்தான் தெரியும், அதற்குப் பதில் சொல்வது அவ்வளவு சுலபமில்லை!

காகிதத்தில் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி தாலுகா, மீஞ்சூர் ஊராட்சி ஒன்றியம், அதற்குக் கீழே கிராம ஊராட்சிகள். ஆனால் குப்பங்களில் 'பஞ்சாயத்து' என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஊராட்சி. இன்னொன்று, சட்டப் புத்தகம் எதிலும் இல்லாத, ஆனால் எல்லோரும் கட்டுப்படுகிற ஊர்ப் பஞ்சாயத்து. இந்த இரண்டுக்கும் மேலே, ஏரியின் தலையெழுத்தை எழுதுகிற மூன்றாவது கை ஒன்று இருக்கிறது. பிரச்சினையே அங்கேதான்.

முதலில் ஊர்ப் பஞ்சாயத்து.

இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி பழவேற்காடு ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு ஓரம்தான் தமிழ்நாட்டுக்கு. முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் இறால் நன்றாக விழும். எல்லோரும் ஒரே இடத்தில் வலை கட்டினால் என்ன ஆகும்? அடிதடிதான். அதைத் தடுக்கத்தான் 'பாடு' என்ற முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்க்காரர்கள் முறை வைத்து வலை கட்டுகிறார்கள். குடும்பஸ்தனான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. நல்ல இடம் இன்று ஒருவருக்கு என்றால் நாளை வேறு ஒருவருக்கு. பணக்காரன் நிறைய வலை வைத்திருந்தாலும் முறை வந்தால்தான் இறங்க முடியும். முறையை மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் போடும்.

வணிகவியல் பாடத்தில் 'பொதுவளத்தின் சோகம்' என்று ஒன்று சொல்லித் தருவார்கள். எல்லோருக்கும் சொந்தமான புல்வெளியை எல்லோரும் மேய்த்து மொட்டையடித்து விடுவார்கள் என்பது அதன் சாரம். அது எல்லா இடத்திலும் நடப்பதில்லை, மக்களே விதி வகுத்துக் காப்பாற்றுவார்கள் என்று காட்டியதற்காகத்தான் எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளாதார நோபல் பரிசு வாங்கினார். அவர் பேசிய விஷயத்துக்கு நல்ல உதாரணம் சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது.

ஆனால் ஊர்ப் பஞ்சாயத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் முடியாது. பாடு உரிமை பட்டினவர் சமூகத்தின் ஆண்களுக்குத்தான். மீனைக் கூடையில் சுமந்து விற்று வீட்டை ஓட்டும் பெண்ணுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. தண்ணீரில் இறங்கி இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்கும், பிழைப்புக்காக வலை பிடித்த மற்ற சாதியினருக்கும் பாடு கிடையாது. இதனால் சண்டைகளும் நடந்திருக்கின்றன. உள்ளே இருப்பவர்களுக்கு நியாயம், வெளியே இருப்பவர்களுக்குக் கதவடைப்பு. அதுதான் அதன் குணம்.

அந்தக் கதவைத் திறக்கத்தான் இரண்டாவது பஞ்சாயத்து வந்தது. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. 2016-இல் பெண்களுக்கான இடம் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதியாக உயர்ந்தது. தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் தனித் தொகுதிகள். ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காரவே முடியாத ஒரு இருளர் பெண், ஊராட்சித் தலைவராகவே வர முடியும். சாதாரண விஷயமில்லை இது.

சரி, வந்தபின் அவரால் என்ன செய்ய முடியும்? தெருவிளக்கு போடலாம். குடிநீர்க் குழாய் போடலாம். குப்பை அள்ளலாம். வீட்டு வரி வசூலிக்கலாம். ஏரியைப் பற்றி? ஒன்றும் செய்ய முடியாது!

அரசியல் சட்டத்தின் 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்குத் தரக்கூடிய 29 பொருள்கள் இருக்கின்றன. ஐந்தாவது பொருள் என்ன தெரியுமா? மீன்வளம். ஆனால் 243ஜி பிரிவு 'மாநில அரசு வழங்கலாம்' என்று சொல்கிறதே தவிர 'வழங்க வேண்டும்' என்று சொல்லவில்லை. அந்த ஒரு 'லாம்' போதும், அதிகாரம் கோட்டையிலேயே தங்கிவிட. படகும் மானியமும் மீன்வளத்துறை. ஏரி பறவைகள் சரணாலயம் என்பதால் வனத்துறை. ஆறும் முகத்துவாரமும் நீர்வளத்துறை. கழிவு கலந்தால் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம். முகத்துவாரத்தில் மணல் அடைத்துப் படகு கடலுக்குப் போக முடியாமல் நின்றால், மீனவர்கள் இத்தனை கதவையும் தட்ட வேண்டும். தட்டாத கதவு ஊராட்சி அலுவலகம் மட்டும்தான். தட்டினாலும் பயனில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

எல்லோருக்கும் சொந்தம் என்றால் யாருக்கும் பொறுப்பில்லை. 2011 டிசம்பர் 25-ஆம் தேதி கிறிஸ்துமஸ் அன்று ஏரியில் சவாரி போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர் காக்கும் கவசம் இல்லை. அதன்பிறகு படகு சவாரிக்குத் தடை வந்தது. தடை போடுவது சுலபம். எந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம், யாருக்கு உரிமம், கட்டணத்தில் ஊருக்கு எவ்வளவு என்று கரையிலேயே இருந்து தினமும் கவனிக்கும் அமைப்பை உண்டாக்குவதுதான் கஷ்டம். அதற்குப் பொருத்தமானது ஊராட்சியைத் தவிர வேறு எது?

இப்போது மூன்றாவது கை.

திருவள்ளூர் மாவட்டம் 1997-இல் பிறந்தது. 2001 கணக்கெடுப்பில் 27.5 லட்சம் பேர், 2011-இல் 37.3 லட்சம் பேர். பத்தே வருடத்தில் 35 சதவீத வளர்ச்சி! சென்னை வடக்கே நகர்ந்து கொண்டே வருகிறது. 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். ஊர் வளர்ந்தால் நகரத்துக்கு வேண்டாதது எல்லாம் ஓரத்துக்குத்தானே வரும்? அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள். 2001-இல் எண்ணூர் துறைமுகம். 2010-இல் காட்டுப்பள்ளியில் தினமும் 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்பும் ஆலை. 2013-இல் அதே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி துறைமுகம். 2018-இல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போனது.

அந்தத் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் வந்தது. பதினெட்டு மடங்கு! கடலில் அவ்வளவு தூரம் கட்டுமானம் வந்தால் மணல் ஓட்டம் மாறும், வடக்கே கரை அரிக்கும், கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய நிலம் உடையும் என்பது மீனவர்களின் பயம். 2021 ஜனவரியில் அறிவித்த கருத்துக் கேட்புக் கூட்டம் கொரோனாவால் தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் மறுபடி அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் மறுபடி தள்ளி வைத்தார்கள்.

இதில் ஊராட்சியின் பங்கு என்ன? 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கூட்டத்தை நடத்துவது மாசுக்கட்டுப்பாட்டு வாரியம். தலைமை கலெக்டர் அல்லது அவர் நியமிக்கும் அதிகாரி. உள்ளாட்சிகளுக்கு அறிக்கையின் பிரதி வரும், மக்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம். அதாவது ஏரியின் ஆயுளைத் தீர்மானிக்கும் விஷயத்தில் உள்ளாட்சிக்குக் கிடைத்த வேலை, நூலகர் வேலை!

கம்பெனிகள் ஊருக்கு நல்லது செய்கின்றனவே என்று சிலர் சொல்லலாம். கம்பெனிகள் சட்டம் 2013, 135-ஆவது பிரிவின்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும், சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் எதற்குச் செலவு என்று முடிவு செய்வது யார்? கம்பெனியின் டைரக்டர் போர்டு. ஊருக்கு முகத்துவாரம் திறக்க வேண்டும், வலை பின்னக் கூடம் வேண்டும், ஐஸ் வேண்டும். போர்டுக்கு வேறு ஏதாவது தோன்றலாம். கேட்டு வாங்குவதற்கும் கொடுப்பதை வாங்கிக்கொள்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முன்னது உரிமை, பின்னது தானம்.

சரி, அதிகாரம் குறைவு என்றாலும் ஊராட்சி என்று ஒன்றாவது இருந்ததா? அதுவும் தொடர்ந்து இல்லை. 2016-இல் பதவிக்காலம் முடிந்து மூன்று வருடம் தேர்தல் நடக்கவில்லை. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்தது, அதில் திருவள்ளூரும் ஒன்று. அப்போது வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. பிறகு தனி அலுவலர்கள். 2025 முழுக்கத் தேர்தல் இல்லாமலே போனது. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குத் தலைவர்கள் செய்த வேலையை ஒன்றிய அலுவலகத்தில் இருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் பார்க்க வேண்டும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஏதாவது குறை என்றால் அவரை அடுத்த தேர்தலில் தோற்கடிக்க யாராலும் முடியாது.

ஒரு கம்பெனி வருடாந்திரப் பொதுக்கூட்டத்தைக் காலத்தில் நடத்தாவிட்டால் சட்டம் சும்மா விடாது. ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஐயாயிரம் வரை கூடுதல். பங்குதாரர்களின் உரிமைக்கு அவ்வளவு மதிப்பு! பதவிக்காலம் முடியும் முன்பே உள்ளாட்சித் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243இ பிரிவும் சொல்கிறது. தவறினால் அபராதம்? பத்துப் பைசா கிடையாது. பங்குதாரனுக்கு இருக்கும் பாதுகாப்பு வாக்காளனுக்கு இல்லை என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது?

என்னதான் செய்வது?

பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். நீர்கொழும்பு களப்பில் பழவேற்காடு போலவே கம்பு நட்டு வலை கட்டி இறால் பிடிக்கும் முறை இருக்கிறது. அங்கேயும் மீனவர் சங்கங்கள் முறை வைத்துத்தான் பிடிக்கின்றன. வித்தியாசம் என்னவென்றால், அந்த முறையை அரசாங்கம் 1958-இலேயே சட்ட விதியாக எழுதி அங்கீகரித்தது. ஊர் வழக்கம் அரசிதழுக்கு ஏறியது. பழவேற்காட்டுப் பாடு இன்னும் கரையிலேயே நிற்கிறது. சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத உரிமைக்கு நஷ்ட ஈடு கேட்கக்கூட வழியில்லை.

அதற்காக சாதிப் பஞ்சாயத்துக்குச் சட்டப் பட்டம் கட்டுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இருப்பதை அப்படியே அங்கீகரித்தால் பெண்களும் இருளர்களும் நிரந்தரமாக வெளியே நிற்பார்கள். எனவே அங்கீகாரம் ஊர்ப் பஞ்சாயத்துக்கு அல்ல, முறை வைத்துப் பகிரும் அந்த ஏற்பாட்டுக்குத்தான் வேண்டும். 11-ஆவது அட்டவணையின் ஐந்தாவது பொருளை நிஜமாகவே ஊராட்சிகளுக்குக் கொடுத்து, ஏரிக்கரை ஊராட்சிகள் எல்லாம் சேர்ந்த ஒரு குழு அமைக்கலாம். பாடு அதன் விதிகளில் ஏறட்டும். கையால் பிடிப்பவர்களுக்கு எந்த இடம், மீன் விற்கும் பெண்களுக்கு ஏலத்தில் என்ன பங்கு என்பதும் சேர்ந்தே ஏறட்டும். ஏரியைத் தொடும் எந்தத் திட்டமும் அந்தக் குழுவின் சம்மதம் இல்லாமல் நகரக் கூடாது. சுற்றுலாப் படகு உரிமமும் அதன் வருமானமும் அங்கேயே இருக்கட்டும்.

வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மீனவர் பிள்ளையும் படிக்கிறான், அவனுக்கும் வேலை வேண்டும். துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்பதில்கூட அந்தக் கரையில் ஒரே கருத்து இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உட்காரும் மேசையில் அவர்களுக்கு ஒரு நாற்காலி வேண்டும். நூறு வலை இருந்தாலும் முறை வந்தால்தான் ஏரியில் இறங்கலாம் என்று அந்த மக்கள் தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். ஆறாயிரம் ஏக்கர் கேட்பவருக்கும் அதே மாதிரி ஒரு விதி இருந்தால் என்ன தப்பு? முதல் வேலை, காலியாகக் கிடக்கும் ஊராட்சி நாற்காலிகளுக்குத் தேர்தலை ஒழுங்காக, காலத்தில் நடத்துவது. ஆளே இல்லாத அலுவலகத்துக்கு அதிகாரம் கொடுத்து என்ன பிரயோஜனம்?