கச்சேரி முடிந்தபின் எப்படிப் போவது?

ஆடி பிறந்துவிட்டால் சனிக்கிழமை மதியத்திலிருந்தே ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலையில் கூட்டம் கட்டத் தொடங்கிவிடும். ராயபுரம், காசிமேட்டிலிருந்து குட்டியானை வண்டிகள், செங்குன்றத்திலிருந்து சிறப்புப் பேருந்துகள், சுற்றுக் கிராமங்களின் டிராக்டர்கள், ஆந்திரத்திலிருந்து வேன்கள் என்று எல்லாமே பெரியபாளையம் பவானியம்மனை நோக்கித்தான். ஆவணி, புரட்டாசி வரைக்கும் ஞாயிறுதோறும் இது நீளும். ஆரணியாற்றங்கரையில் பம்பையும் உடுக்கையும் இரவெல்லாம் ஒலிக்கும். வேப்பிலை உடுத்தி வலம் வருகிறவர்கள், பொங்கல் வைக்கிறவர்கள், மொட்டை போட்டுக்கொண்ட குழந்தைகள் என்று ஊரே நிரம்பி வழியும்.

பெரியபாளையத்துக்கு ரயில் கிடையாது. ஊத்துக்கோட்டைச் சாலையும், புதுவாயலிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் வரும் சாலைகளும்தான் வழி. நெரிசல் உண்டு, வண்டிகள் நெடுநேரம் நிற்பதும் உண்டு. ஆனாலும் இத்தனை பெரிய கூட்டம் ஆண்டுதோறும் வந்து, கும்பிட்டு, வீடு போய்ச் சேர்கிறது. சனி மாலை ஒரு கூட்டம் வருகிறது, நள்ளிரவில் ஒன்று, ஞாயிறு விடியலில் இன்னொன்று. பொங்கல் வைத்துச் சாப்பிட்டு, நிழலில் படுத்து எழுந்து, அவரவர் வசதிப்படி கிளம்புகிறார்கள். கூட்டம் ஒரு பகலும் ஓர் இரவுமாகப் பிரிந்து கலைவதால்தான் அந்தச் சாலை தாங்குகிறது.

இசை நிகழ்ச்சியின் கூட்டம் அப்படிக் கலைவதில்லை. கடைசிப் பாட்டு முடிந்த நொடியில் அத்தனை பேரும் வாசலுக்கு வருகிறார்கள். ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆகவே எல்லா நிகழ்ச்சியும் பத்து மணியை ஒட்டியே முடியும். அதே நேரத்தில்தான் புறநகர் ரயில்களும் பேருந்துகளும் குறையத் தொடங்குகின்றன. இந்த முரணைக் கவனிக்காமல் நாம் அரங்கங்களைத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறோம்.

2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் நடந்த ஏ.ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியை யாரும் மறந்திருக்க முடியாது. மழையால் ஆகஸ்டிலிருந்து தள்ளிவைக்கப்பட்ட நிகழ்ச்சி அது. 20,000 பேருக்கு என்று அனுமதி பெற்ற இடத்தில் அதைவிடப் பல்லாயிரம் பேர் கூடிவிட்டதாகக் காவல்துறை சொன்னது. டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் அத்துமீறலுக்கு ஆளானதாகப் பெண்கள் சொன்னார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதல்வரின் வாகன அணியே சிக்கிக்கொண்டது. அதன்பின் எழுந்த விவாதம் முழுவதும் டிக்கெட் எண்ணிக்கையைச் சுற்றியே நடந்தது. அது நியாயமானதுதான். ஆனால் விற்றது சரியான எண்ணிக்கையாகவே இருந்திருந்தாலும், ஒரே சாலையை நம்பிய அந்த இடத்திலிருந்து 20,000 பேர் எப்படித் திரும்பியிருப்பார்கள் என்பதை யாரும் கேட்கவில்லை.

எளிய கணக்குதான். சாலையின் ஒரு தடத்தில் தடங்கலே இல்லாமல் ஓடினால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 1,500 கார்கள் போகலாம். காருக்கு மூன்று பேர் என்றால் 4,500 பேர். 20,000 பேரும் காரில் வந்திருந்தால் ஒரு தடத்தில் வெளியேற நாலரை மணி நேரம் ஆகும். பேருந்தில் அனுப்புவதென்றால் முன்னூறுக்கும் மேல் வேண்டும். ஒரு 12 பெட்டி மின்ரயிலோ சுமார் 2,500 பேரை மூச்சுத் திணறாமல் ஏற்றிச் செல்லும். பத்து நிமிடத்துக்கு ஒன்று விட்டால் எட்டு ரயில்களில், ஒன்றரை மணி நேரத்துக்குள் மைதானம் காலியாகிவிடும்.

ஆகவே ஓர் அரங்கத்தின் கொள்ளளவை மைதானத்தின் பரப்பை வைத்து முடிவு செய்யக் கூடாது. நிகழ்ச்சி முடிந்த ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் எத்தனை பேரை ஊர் சேர்க்க முடியுமோ, அதுதான் அதன் உண்மையான கொள்ளளவு.

சேப்பாக்கத்தில் இதை ஓரளவு செய்துகாட்டியிருக்கிறோம். கடந்த சில ஆண்டுகளாக ஐபிஎல் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு மெட்ரோ பயணமும் அதிலேயே அடங்கியது. ஆட்டம் நீண்டால் ரயில் நேரமும் நீண்டது. சிங்கப்பூரின் 55,000 இருக்கை தேசிய விளையாட்டரங்கத்தின் வாசலிலேயே அதன் பெயரில் ஒரு நிலையம் இருக்கிறது. 2024 மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் ஆறு இரவுகள் பாடியது அங்கேதான். எதிர்த்திசையிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சிக்கு லட்சக்கணக்கானோர் வந்தார்கள், ஐந்து உயிர்கள் போயின. வெயிலே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் கடற்கரை – சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயில், நான்காவது பாதைப் பணிக்காக ஓராண்டுக்கும் மேலாக நின்றிருந்த நாட்களில்தான் அத்தனை பெரிய கூட்டத்தை அழைத்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் நிகழ்ச்சிகள் மேலும் தெற்கே, ரயிலுக்கு மேலும் தொலைவுக்கே போகின்றன. 2025இல் அனிருத்தின் 'ஹுக்கும்' நிகழ்ச்சி திருவிடந்தையில் நடப்பதாக இருந்தது. பிறகு இன்னும் பெரிய இடம் வேண்டுமென்று, ஆகஸ்ட் 23 அன்று கூவத்தூரில் நடந்தது. அரசு கட்டும் கலைஞர் பன்னாட்டு அரங்கமும் முட்டுக்காட்டில்தான் வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ரயில் கிடையாது. இந்த வரிசையில் அடுத்து வடக்குப் பக்கத்துக்கும் பெரிய மைதானங்கள் வரும் என்று நினைக்கிறேன். அப்படி வருவதில் எனக்கு மகிழ்ச்சியே.

கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட் வளாகங்களைச் சுற்றி வாடகை அறைகளில் வாழும் இளைஞர்களுக்குப் பொழுதுபோக்கு என்று என்ன இருக்கிறது? தென்மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். ஷிப்ட் முடிந்தால் அறை, அறையை விட்டால் ஷிப்ட். ஊர்த் திருவிழாவில் மேடை போட்டால் ஒரு மெல்லிசைக் கச்சேரி, அவ்வளவுதான். சென்னைக்கே மின்சாரமும் குடிநீரும் அனுப்பும் திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதிக்கு ஒரு நல்ல அரங்கம் இல்லை என்பது அநீதி.

ஆனால் அது எங்கே வரும் என்பதில்தான் எனக்குக் கவலை. எண்ணூரிலிருந்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியே மாமல்லபுரம் வரை சுமார் 133 கி.மீ. நீளத்துக்குச் சென்னை எல்லைச் சாலை உருவாகிறது. தச்சூரிலிருந்து சித்தூருக்கு ஆறுவழிச் சாலையும் வருகிறது. முப்போகம் விளையும் நிலம் போகிறதே என்று ஊத்துக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் போராடியது இந்தச் சாலையை எதிர்த்துத்தான். இவை சந்திக்கும் இடங்களில் நிலம் வாங்கி மைதானம் போடுவது முதலீட்டாளருக்கு லாபம். 20,000 பேர் காரில் வந்தால் வண்டி நிறுத்த மட்டும் நாற்பது ஏக்கர் வேண்டும். பூண்டிக்கும் புழலுக்கும் நீர் தரும் நிலத்தில் நாற்பது ஏக்கரைச் சமன்படுத்தி, மாதம் ஓரிரவு பயன்படுத்திவிட்டுச் சும்மா போட்டுவைப்பதை வளர்ச்சி என்று என்னால் ஏற்க முடியாது.

இடம் திருவள்ளூராக இருக்கட்டும். சென்னையிலிருந்து நான்கு தண்டவாளங்கள் அங்கே வருகின்றன. அமாவாசைதோறும் வீரராகவரைத் தரிசிக்க வருகிறவர்களில் கணிசமானோர் ரயிலில் வந்து ரயிலிலேயே திரும்புகிறார்கள். அந்தக் கூட்டத்தை வாங்கிப் பழகிய நிலையம் அது. கும்மிடிப்பூண்டித் தடத்தில் அத்திப்பட்டைத் தாண்டினால் இரண்டே பாதைகள்தான், அதில்தான் சரக்கு ரயிலும் விரைவு ரயிலும் மின்ரயிலும் ஓட வேண்டும். 2024 அக்டோபர் 11 அன்று கவரைப்பேட்டையில் நடந்த விபத்து வட இந்தியாவுக்கான போக்குவரத்தையே முடக்கியது. அங்கே மூன்றாவது, நான்காவது பாதைகள் வந்தபின் பொன்னேரியில் ஓர் அரங்கத்தைப் பற்றிப் பேசலாம்.

திருவள்ளூர் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் 15,000 பேர் அளவில் ஓர் அரங்கம் போதும். பெரியபாளையம், ஊத்துக்கோட்டை பக்கத்தவர்களுக்கு நிகழ்ச்சி நாளில் பேருந்து வேண்டும். அதற்குப் புதிதாக வண்டி வாங்கத் தேவையில்லை. ஷிப்ட் மாறும் நேரம் தவிர மற்ற வேளைகளில் நூற்றுக்கணக்கான கம்பெனி பஸ்கள் இந்த மாவட்டத்தில் சும்மா நிற்கின்றன. ஒப்பந்தம் போட்டு அவற்றை எடுக்கலாம். கட்டணத்தை டிக்கெட்டிலேயே சேர்த்துவிடலாம். 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டு எடுக்க முடிகிறபோது, அதோடு நிகழ்ச்சி டிக்கெட்டை இணைப்பது பெரிய வேலையில்லை.

கலையும் விதத்தைப் பெரியபாளையத்திடம் கற்கலாம். நட்சத்திரப் பாடகர் ஒன்பது மணிக்கு முடித்துக்கொள்ளட்டும். அதன்பின் பத்து வரை இதே மாவட்டத்துப் பம்பைக் குழுவுக்கோ தெருக்கூத்துக் கலைஞர்களுக்கோ மேடை கொடுங்கள், சாப்பாட்டுக் கடைகளைத் திறந்துவையுங்கள். அவசரக்காரர்கள் முதல் ரயிலைப் பிடிப்பார்கள், மற்றவர்கள் இருந்து பார்த்துவிட்டு அடுத்தடுத்த ரயிலில் போவார்கள். உள்ளூர்க் கலைஞர்களுக்குச் சம்பளமும் கிடைக்கும்.

கார் இல்லாதவர்கள், குறிப்பாகப் பெண்கள், இரவு பத்தரைக்குப் பயமில்லாமல் வீடு திரும்ப முடிந்தால்தான் அது எல்லாருக்குமான அரங்கம். 2021இல் கட்டணமில்லாப் பேருந்து வந்தபின் எத்தனை பெண்கள் வெளியே கிளம்பினார்கள் என்பதை நாம் பார்த்தோம்.

சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கி.மீட்டரிலிருந்து 5,904 ஆக 2022இல் விரிக்கப்பட்டபோது திருவள்ளூர் மாவட்டத்தின் பல நூறு ஊர்கள் அதற்குள் வந்தன. மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகும் நேரம் இது. போக்குவரத்துக்கென்றே கும்டா என்ற அமைப்பும் நம்மிடம் இருக்கிறது. பேருந்து நிலையத்தை 2023 டிசம்பரில் திறந்துவிட்டு, ரயில் நிலையத்துக்குப் பயணிகளை ஆண்டுக்கணக்கில் காக்க வைத்த கிளாம்பாக்கத்தின் கதை இங்கே திரும்ப நடக்கக் கூடாது. 5,000 பேருக்கு மேல் கூடும் எந்த அரங்கத்துக்கும், வெளியேறும் திட்டத்தைக் கும்டா பார்த்து ஒப்பமிட்ட பிறகே கட்டட அனுமதி என்று ஒரு வரியை அந்த முழுமைத் திட்டத்தில் இப்போதே எழுதிச் சேர்க்க வேண்டும்.